வீட்டுக்கு ஒரு பாத்தி, லொறிக்கு ஒரு பாத்தியா?

4 ஜூன் 2023, கொழும்பிலிருந்து ஒரு வாசகியின் கேள்வி

அண்ணே, நுவரெலியாப் பக்கம் மரக்கறி செய்கிறவர்கள் தாங்கள் சாப்பிட மருந்தடிக்காத பாத்தி ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டு, மருந்தில் குளித்ததை எங்களுக்கு அனுப்புகிறார்களாம். எங்கள் ஆபீசில் ஒருவர் சத்தியம் செய்கிறார். நீங்கள் கந்தப்பளைக்காரர்தானே, உண்மையைச் சொல்லுங்கள். லீக்ஸ் வாங்கலாமா வேண்டாமா? மஞ்சள் தண்ணீரில் ஊறவைத்தால் போதுமா?

4 ஜூன், இரவு

சுத்தப் பொய். அந்த ஆபீஸ்காரரை ஒரு நாள் கந்தப்பளைக்கு வரச் சொல்லுங்கள், கம்பளியோடு. என்னிடம் இருப்பதே அரை ஏக்கர், அதுவும் குத்தகை. அதில் வீட்டுக்கென்று ஒதுக்க இடம் ஏது? லொறிக்குப் போகிற லீக்ஸைத்தான் நாங்களும் கறி வைக்கிறோம், லொறிக்காரர் கழித்துப் போட்டதையும் சேர்த்து. உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவையுங்கள், போதும். விஷயம் முடிந்தது.

5 ஜூன், காலை

முடியவில்லை. நேற்று எழுதியதை வாசித்துவிட்டு என் மனைவி "மஞ்சள் என்ன மந்திரமா?" என்று கேட்டாள். சரிதான், கொஞ்சம் அளந்துவிட்டேன்.

இலைமேல் படிந்து நிற்கிற மருந்து என்றால், ஓடுகிற தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவினால் ஒரு பங்கு போகும். செடி உறிஞ்சி உள்ளே வாங்கிக்கொள்கிற மருந்தும் இருக்கிறது. அது சாறோடு சாறாகத் தண்டிலும் இலையிலும் ஓடுவது. அதற்கு உப்பும் தெரியாது, மஞ்சளும் தெரியாது.

லீக்ஸை முழுசாக ஊறப்போடுவதில் பலனில்லை. இலைகள் ஒன்றுக்குள் ஒன்று குழல் மாதிரிச் செருகியிருக்கும். தண்டு வெளுக்கவேண்டும் என்று நாங்கள் மண்ணை அணைத்துக்கொண்டே போவோம். மண்ணும் மருந்தும் அந்த இடுக்கில்தான் தங்கும். நீளவாக்கில் பிளந்து, இலை இலையாக விரித்துக் கழுவுங்கள். கோவாவில் (முட்டைக்கோஸ்) மேல் இலை மூன்று நாலைக் கழற்றி எறியுங்கள். கிழங்கைத் தோல் சீவுங்கள். கழுவுவதைச் சமைப்பதற்கு முன்னால் செய்யுங்கள். இலைக் கருகலுக்கு அடிக்கிற மாங்கோசெப் சூடு பட்டால் ஈ.டீ.யூ. என்ற வேறொரு பொருளாக மாறும். அது தைராய்டுக்கு ஆகாது.

இதெல்லாம் அடுப்படியில் செய்கிற கடைசிக் காரியம். கடைசியாக மருந்தடித்த நாளுக்கும் பிடுங்கிய நாளுக்கும் நடுவில் எத்தனை நாள் போனது, அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். லேபிளில் அந்த நாள் கணக்கு இருக்கும். வெயில், மழை, செடியின் வளர்ச்சி எல்லாம் சேர்ந்து அந்த நாட்களில் மருந்தைக் குறைத்துவிடும். உங்கள் மஞ்சள் தண்ணீரால் ஆகாததை, நாங்கள் சும்மா காத்திருந்தால் நாட்களே செய்துவிடும். காத்திருக்கிறோமா என்று கேட்டால்... பிறகு சொல்கிறேன்.

5 ஜூன், மதியம்

"ஓர்கானிக் வாங்குங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். விலையைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினாரா?

9 ஜூன்

ஐந்து நாளாக எல்லாரும் சாப்பாட்டுத் தட்டைப் பற்றியே கதைக்கிறோம். டேங்க் சுமக்கிறவனைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. உங்களுக்கு வந்து சேர்வது கிலோவுக்கு மில்லிகிராம் கணக்கு. அவன் கையில் இருப்பது போத்தல்.

என் அப்பா தலவாக்கலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடித்தவர். 16 லீட்டர் டேங்க். நிரப்பினால் இருபது கிலோவைத் தொடும். விடியப் பிரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டு எட்டுப் பேராக மலைக்கு ஏறுவார்கள். ஒரு பீப்பாயில் தண்ணீர், கலக்க ஒரு கம்பு. கம்பைக் காணவில்லை என்றால் கை. அளவுக்கு டின்மீன் டின். டேங்கின் மூடி ஒருநாளும் இறுக்கமாக இருந்ததில்லை, குனிந்தால் முதுகில் வழியும். அதற்காகப் படங்கு ஒன்றை முதுகில் போட்டுக்கொள்வார். அது நனைந்த பிறகு தோலோடு ஒட்டிக்கொண்டு மாலை வரை மருந்தை ஊட்டிக்கொண்டே இருக்கும். போடாமலே இருந்திருக்கலாம்.

அப்போதெல்லாம் பரகுவாட் என்ற புல் மருந்து. அவருடைய வலது கைப் பெருவிரல் நகத்தில் முதலில் குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. பிறகு நகமே வெளுத்துத் தடித்தது. ஒரு நாள் ராத்திரி சோறு பிசையும்போது கழன்று தட்டில் விழுந்தது. அதை எடுத்து விளக்குப் பக்கம் பிடித்துப் பார்த்தார், ஓரமாக வைத்தார், மிச்சச் சோற்றைச் சாப்பிட்டார். நகம் முளைத்தது, மறுபடி விழுந்தது. சில நாள் மூக்கிலிருந்து ரத்தம் வரும். "சூடு" என்பார்கள்.

மருந்தடிக்கிற ஆள்களுக்கு ஒரு டம்ளர் பால் கொடுப்பது அங்கே வழக்கமாக இருந்தது, விஷத்தை முறிக்குமாம். பால் பசியைத்தான் முறித்தது. அப்பா பாதியைக் குடித்துவிட்டு மீதியைப் போத்தலில் ஊற்றி எனக்குக் கொண்டுவருவார், அந்தக் கையாலேயே. அவருடைய காற்சட்டையையும் எங்கள் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையையும் அம்மா ஒன்றாகத்தான் பீலியில் போட்டு அடித்துத் துவைப்பார்.

பக்கத்து மலையில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார்கள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று கேட்டுவிட்டு மருந்தடித்த கங்காணியை நான் பார்த்ததில்லை.

10 ஜூன்

மாஸ்க் போட்டிருந்தால் உங்கள் அப்பாவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்கிறீர்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்து அவரைத் திட்டியிருக்கிறேன். டேங்க் சுமக்கிறவன் உடம்புக்குள் மருந்து போவது மூக்கு வழியாகக் கொஞ்சம்தான், பெரும்பங்கு தோல் வழியாக. தோலிலும் எல்லா இடமும் ஒன்றல்ல. தொடை இடுக்கில் உறிஞ்சுவது முன்கையைவிடப் பல மடங்கு. ஆகவே ஆண்பிள்ளைகள் சலம் கழித்த பிறகு கை கழுவுவதைப்போல, அதற்கு முன்னாலும் கழுவ வேண்டும். சிரிக்காதீர்கள், இந்த இழையில் நான் எழுதியதிலேயே உருப்படியான வரி இதுதான்.

இன்னொன்று. ஆபத்து அதிகமான நேரம் அடிக்கும்போது இல்லை, கலக்கும்போது. தண்ணீர் சேராத மருந்து கையில் பட்டால் ஒரு டேங்க் மருந்தில் நனைந்ததைவிட மோசம். நூல் கையுறை போட்டால் அது நனைந்து கையை மருந்திலேயே ஊறவைத்த மாதிரி. ரப்பர் கையுறை வேண்டும். பூட்ஸ் போட்டால் காற்சட்டைக் காலை வெளியே விடுங்கள், உள்ளே செருகினால் வழிகிறதெல்லாம் பூட்ஸுக்குள் போய்ச் சேரும். (வெளியே விட்டால் அட்டை ஏறும். எதற்குக் கால் கொடுப்பது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.)

10 ஜூன், இரவு

மேலே எழுதியது புத்தகம் மாதிரி இருக்கிறது. உண்மையைச் சொல்கிறேன். போன வருடம் மழைச்சட்டை, கண்ணாடி, மாஸ்க், கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு ஒரு தடவை இறங்கினேன். மூடுபனி. ஐந்து நிமிடத்தில் கண்ணாடி மங்கிவிட்டது, துடைக்கக் கையுறையால் தொட்டேன், மருந்து கண்ணாடியில். மாஸ்க் ஈரமாகி மூக்கோடு ஒட்டிக்கொண்டது. ஈரப் பாத்தியில் கால் வழுக்கி டேங்கோடு உட்கார்ந்தேன். இருபது நிமிடத்தில் எல்லாவற்றையும் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு அடித்து முடித்தேன். அன்றைக்குத்தான் அப்பாவைத் திட்டுவதை நிறுத்தினேன். "கையுறை கொடுத்தோம், அவன் போடவில்லை" என்று எழுதி வைத்துவிட்டால் பழியெல்லாம் டேங்க் சுமக்கிறவன் தலையில். கொடுத்தவரைப் போட்டுக்கொண்டு ஒரு ஏக்கர் அடிக்கச் சொல்லிப் பாருங்கள்.

14 ஜூன்

எனக்கு ஒரு தடவை நடந்ததை எழுதச் சொல்லித் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். முதலே எழுதியிருக்கலாம், வெட்கம்.

கோவாவில் புழு. கண்ணுக்குச் சட்டென்று தெரியாத சின்னப் பச்சைப் புழு, இலையைச் சல்லடையாக்கும். எந்த மருந்துக்கும் சில வருடத்தில் பழகிக்கொள்ளும், உலகம் முழுக்க அதற்கு இதே கெட்ட பேர்தான். போன போகத்தில் கேட்ட மருந்து இந்தப் போகத்தில் கேட்காது. ஒரு மூடி போட்ட இடத்தில் இரண்டு மூடி போட்டேன். பிறகு இரண்டு மருந்தைக் கலந்தேன். ஆர்கனோபொஸ்பேட் வகை. காலையில் சாப்பிடாமல் இறங்கி, எட்டு டேங்க் அடித்தேன்.

பதினொரு மணிக்கு உச்சி வெளிச்சம் மங்கியது. மழை வரப்போகிறது என்றுதான் நினைத்தேன். வாயில் எச்சில் ஊறி நிற்கவில்லை, வியர்வை சொட்டுகிறது. கந்தப்பளைக் குளிரில் வியர்வை! கால் சதை தானாகத் துடித்தது. வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மகள், "அப்பா, உங்கள் கண்ணில் கறுப்பைக் காணோம்" என்றாள். கருமணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்திருக்கிறது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் டோர்ச் அடித்துக் கண்ணைப் பார்த்ததுமே ஊசி போட்டார், அட்ரோபின். நரம்பின் செய்தி தசைக்குப் போனதும் அதை அணைக்கிற என்சைம் ஒன்று உடம்பில் இருக்கிறது. இந்த வகை மருந்து அதைப் பூட்டிவிடும். பிறகு செய்தி அணையாமல் ஓடிக்கொண்டே இருக்கும், அதுதான் எச்சில், வியர்வை, துடிப்பு எல்லாம். பூச்சி சாவதும் இதே வழியில்தான், பூச்சிக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் அளவு மட்டும். ஊசி ஏற ஏற நேர்மாறாக, வாய் மணல் மாதிரிக் காய்ந்தது. தண்ணீர் தண்ணீர் என்று கத்தினேனாம்.

பக்கத்துக் கட்டில்காரர் கேட்டார், "யாரோடு சண்டை?" நான் குடித்துவிட்டேன் என்றுதான் வார்டு முழுக்க நினைத்தது. வேலை செய்துதான் இப்படி ஆனேன் என்று நம்ப வைக்க இரண்டு நாள் ஆனது.

15 ஜூன்

யாருக்காவது இப்படி ஆனால்: உடுப்பைக் கழற்றுங்கள், சோப்புப் போட்டுக் கழுவுங்கள், 1990க்கு அடித்து அம்பியூலன்ஸைக் கூப்பிடுங்கள், மருந்துப் போத்தலைக் கையோடு கொண்டு போங்கள். பால், எண்ணெய், புளிக்கரைசல் ஒன்றும் வேண்டாம். வாந்தியெடுக்க வைக்க வேண்டாம்.

21 ஜூன்

"எல்லாவற்றையும் ஒரே நாளில் தடை செய்ய வேண்டியதுதானே?" செய்து பார்த்தார்கள். 2021 மே மாதம் இரசாயன உரம், மருந்து இறக்குமதி இரண்டும் நின்றது. நவம்பரில் முடிவை மாற்றினார்கள். நடுவில் கிழங்குக்கும் தேயிலைக்கும் என்ன ஆனது என்று இங்கே யாரையும் கேளுங்கள், கெட்ட வார்த்தை இல்லாமல் பதில் வராது.

அதற்கு முன்னால் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியின் கதை. வடமத்திய மாகாணத்துச் சிறுநீரக நோய்க்கு அதுதான் காரணம் என்ற சந்தேகத்தில் 2015இல் நாடு முழுக்கத் தடை. நோய் அங்கே, புல் இங்கே. தோட்டத்தில் புல் நிற்குமா? சில இடங்களில் எம்.சி.பி.ஏ. என்ற வேறு களைக்கொல்லியை அடித்தார்கள். தேயிலையில் அது எவ்வளவு மிஞ்சலாம் என்று ஜப்பானில் அப்போது தனி அளவு வைத்திருக்கவில்லை. அப்படியென்றால் அங்கே பொது வரம்புதான், கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். கொழுந்தைக் கழுவுகிற வழக்கம் இங்கே கிடையாது, மடுவம் என்கிற கொட்டகையில் எடை பார்த்த கொழுந்து அப்படியே வாட்டுத் தட்டுக்குப் போகும். ஜப்பான் பிடித்துக்கொண்டது. 2018 ஜூலையில் தேயிலைக்கும் ரப்பருக்கும் மட்டும் கிளைபோசேட்டை மறுபடி விட்டார்கள்.

ஜப்பான்காரன் கோப்பையில் 0.01க்கு எழுந்த சத்தத்தைப் பாருங்கள். அப்பாவின் நகத்துக்கு யாரும் வரம்பு வைக்கவில்லை.

22 ஜூன்

நேற்று எழுதியதைப் பார்த்துவிட்டு, "அண்ணன் மருந்துக் கம்பனி ஆள்" என்று ஒருவரும் "மருந்துக்கு எதிரி" என்று ஒருவரும் எழுதியிருக்கிறார்கள். இரண்டு பேரும் ஒரு பிளேன்டி குடித்துக்கொண்டே பேசி முடிவு செய்யுங்கள்.

தடையே தோல்வி என்று நான் சொல்லவில்லை. ஒரேயடியாக, மாற்று இல்லாமல் செய்தது தோல்வி. ஒவ்வொன்றாக எடுத்தது வேலை செய்தது. 1980இன் 33ஆம் இலக்கச் சட்டம் மருந்துகளைப் பதிவாளர் ஒருவரின் கையில் கொடுத்தது. 1984இல் பாரத்தியன் போனது, 1995இல் மொனோகுரோட்டோபொஸ், மெத்தமிடோபொஸ், 1998இல் எண்டோசல்பான். 2008இல் தொடங்கிப் படிப்படியாக 2011க்குள் பரகுவாட். 1995இல் லட்சம் பேருக்கு 47 என்றிருந்த தற்கொலைச் சாவு பத்து வருடத்தில் பாதியானது. கோபத்திலும் குடும்பச் சண்டையிலும் கை எட்டுகிற இடத்தில் அந்தப் போத்தல் இல்லாமல் போனதுதான் பெரிய காரணம். விளைச்சல் அதனால் விழவில்லை. பூட்டுப் பெட்டி கொடுத்தால் போதும் என்றும் வடமத்திய மாகாணத்தில் 180 கிராமங்களில் முயன்று பார்த்தார்கள், பலன் தெரியவில்லை. பெட்டியின் சாவியும் அதே வீட்டில்தானே இருக்கும்.

எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், அந்த வருடங்களில் அப்படிப் போனவர்களை விரல்விட்டு எண்ணலாம், இரண்டு கையும் வேண்டும். அதைப் பற்றி இதற்குமேல் எழுத மாட்டேன்.

25 ஜூன்

கொஞ்சம் திசை மாறுகிறேன். தேயிலை மலையில் இன்றைக்கு மருந்தைவிட எல்லாரும் பயப்படுவது குளவிக்கு. கொழுந்து எடுக்கிற பெண்கள் எத்தனை பேர் கொட்டு வாங்கி ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்! ஆனால் தேயிலையைக் காப்பாற்றியதும் ஒரு குளவிதான். 1930களின் நடுவில் இலைசுருட்டிப் புழுவுக்கு எதிராக ஜாவாவிலிருந்து ஒரு சின்னக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். புழுவுக்குள் முட்டையிடுகிற ஜாதி. புழு அடங்கிவிட்டது. பிறகு தண்டு துளைக்கிற வண்டுக்கு டீல்ட்ரின் அடித்தார்கள், குளவி செத்தது, சுருட்டிப் புழு எழுந்து வந்தது. காசு கொடுத்து மருந்து வாங்கி, சும்மா வேலை செய்துகொண்டிருந்த ஆளைக் கொன்ற கதை.

2 ஜூலை

லேபிளைப் படிக்கச் சொல்கிறவர்களுக்கு. மூன்று மொழியிலும் இருக்க வேண்டும் என்பது சட்டம், இருக்கும். அடியில் நிறப் பட்டியும் இருக்கும். சிவப்பு என்றால் கொடியது, பிறகு மஞ்சள், நீலம், பச்சை என்று இறங்கும். ஆனால் அரைக் காணிக்காரன் முழுப் போத்தல் வாங்குவதில்லை. சில்லறையாக ஊற்றித் தருகிற கடை இருக்கிறது, அது சட்டப்படி கூடாது. எனக்கு ஒரு தடவை சாராயக் கால் போத்தலில் கிடைத்தது. அதன் லேபிளை நன்றாகப் படித்தேன். சாராயத்தின் லேபிள்.

9 ஜூலை

கொத்மலை நீர்த்தேக்கம் பச்சையாக மாறியது மருந்தால் என்று போன வாரம் ஒருவருக்குத் தனியாகப் பதில் எழுதினேன். தப்பு. 1991இல் அங்கே பாசி பொங்கியது. பாசிக்குச் சோறு போடுவது உரம், மண்ணோடு கழுவிப் போகிற பொஸ்பரஸ். மருந்து வேறு வழியில் போகிறது. டேங்கை எங்கே கழுவுகிறோம்? ஓடையில். ஏனென்றால் தண்ணீர் அங்கேதான் இருக்கிறது. கீழே இருக்கிற லயத்துக்குப் பீலித் தண்ணீர் அந்த ஓடையிலிருந்துதான். இப்போது நான் மிச்சத் தண்ணீரைப் பாத்தியிலேயே அடித்துத் தீர்க்கிறேன். இப்போது என்றால், இந்த இழை தொடங்கியதிலிருந்து.

16 ஜூலை

காத்திருக்கிறோமா என்று பிறகு சொல்கிறேன் என்றேன். ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது.

மார்ச்சில் லீக்ஸுக்கு மருந்தடித்த மூன்றாம் நாள் லொறிக்காரர் போன் செய்தார். விலை ஏறியிருக்கிறது, நாளைக்கே பிடுங்கு, அடுத்த வாரம் இந்த விலை இருக்காது. லேபிளில் இன்னும் ஒரு வாரம் பாக்கி. உரக் கடைக்குக் கடன். பிடுங்கினேன். அது பேலியகொடைச் சந்தைக்குப் போனது, அங்கிருந்து உங்கள் பக்கம்தான் வந்திருக்கும் தங்கச்சி.

அப்புறம் அந்தப் பாத்தி. குசினிக்குப் பின்னால், தண்ணீர்க் குழாய்ப் பக்கம் இரண்டு வரிசை. மனைவி நட்டது. லீக்ஸ், கொஞ்சம் கீரை. சும்மா கிடந்த துண்டு, மருந்தடிக்க நேரமில்லை, அவ்வளவுதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். 4ஆம் திகதி உங்களுக்குப் பதில் எழுதும்போது அது நினைவிலேயே இல்லை, சத்தியமாக. நேற்று மகள் கறிக்கு லீக்ஸ் பிடுங்கக் கத்தியோடு கீழே இறங்கினாள். நான் இங்கிருந்தே கத்தினேன்: "அங்கே வேண்டாம், குசினிப் பக்கம் பிடுங்கு!"

கத்திய பிறகுதான் காதில் விழுந்தது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை, என்னைப் பார்த்தாள்.

ஆபீஸ்காரரிடம் சொல்லிவிடுங்கள். உங்களுக்கும் ஒரு கட்டு அனுப்பலாம் என்று பார்த்தேன். எண்ணினேன், பதினெட்டுத் தண்டுதான் இருக்கிறது.